ஒருநாள் பட்டறையா, கட்டாயப் பாடமா, காட்டுக்குள் வகுப்பா? கனடாவில் பூர்வகுடிக் கல்விக்கு ஆசிரியரை ஆயத்தம் செய்யும் வழிகள்

கழிப்பறைக் கடதாசிச் சுருளின் அட்டைக் குழாய்கள் நாலைந்தை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, கண்ணும் அலகும் வரைந்து ‘டோட்டம் கம்பம்’ செய்வது கனடிய ஆரம்பப் பாடசாலைகளில் நெடுங்காலம் நடந்துவந்த கைவேலை. செய்யவைக்கும் ஆசிரியர் மனதில் ஒரு கெடுதலும் இல்லை. மரியாதை செய்வதாகவே நினைக்கிறார். ஆனால் அந்தக் கம்பம் பசிபிக் கரையோரத்து ஹைடா, சிம்ஷியன், குவாக்வகவாக் போன்ற சமூகங்களுக்கு உரியது. அதில் செதுக்கப்படும் உருவம் ஒரு குடும்பத்தின் உரிமைச் சின்னம். நினைத்தவர் நினைத்த உருவத்தை வைக்க முடியாது. கம்பம் நாட்டும்போது பொட்லாட்ச் என்ற விருந்தும் கொடையும் சேர்ந்த சடங்கு கூடும், வந்தவர்கள் அந்த உரிமைக்குச் சாட்சியாக நிற்பார்கள். அந்தப் பொட்லாட்சைக் கனடிய அரசு 1885 முதல் 1951 வரை சட்டம் போட்டுத் தடுத்து வைத்திருந்தது. ஒன்ராறியோவில் இருக்கும் ஏழு வயதுப் பிள்ளை அட்டைக் குழாயிலிருந்து கற்றுக்கொள்வதோ வேறு: எல்லாப் பூர்வகுடிகளும் கம்பம் செதுக்குவார்கள், அது அலங்காரம், அது அந்தக் காலத்துச் சங்கதி. ஒரு மணி நேரத்தில் மூன்று பிழை. பிழையென்று ஆசிரியருக்கு எடுத்துச் சொல்லக்கூடிய எவரும் அந்த அறையில் இல்லை.

ஆசிரியர்களை ஆயத்தம் செய்யும் வழிகளை ஒப்பிடும்போது இந்தக் கடைசி வரியைத்தான் அளவுகோலாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் கருத்து. எத்தனை மணி நேரம், எவ்வளவு செலவு என்பதெல்லாம் பிறகு. ஆசிரியர் பிழைவிடும்போது திருத்த யார் இருக்கிறார்கள், எத்தனை முறை இருப்பார்கள் என்பதே முதற் கேள்வி.

இந்த முடிவை இனியும் தள்ளிப்போட முடியாது. பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்திருந்த வதிவிடப் பாடசாலைகளை ஆராய்ந்த உண்மை, நல்லிணக்க ஆணைக்குழு 2015இல் விடுத்த 94 செயல் அழைப்புகளில் 62ஆவது, அந்தப் பாடசாலைகள், உடன்படிக்கைகள், பூர்வகுடிகளின் பங்களிப்பு ஆகியவற்றைப் பாலர் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை கட்டாயமாக்கச் சொல்கிறது. பூர்வகுடி அறிவையும் கற்பிக்கும் முறைகளையும் வகுப்பறைக்குக் கொண்டுவர ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் நிறுவனங்களுக்கு நிதி கேட்கிறது. 63ஆவது, ஆசிரியர் பயிற்சித் தேவைகளை இனங்காணச் சொல்கிறது. 2019இல் பிரிட்டிஷ் கொலம்பியா தன் ஆசிரியர் தொழில்தர நியமங்களில் ஒன்பதாவதாக பூர்வகுடிகளின் மூன்று பிரிவினரான முதற்குடிகள், இனுவிட், மேட்டிஸ் மக்களின் வரலாற்றை மதிப்பதைச் சேர்த்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் ஆல்பர்ட்டாவின் புதிய ஆசிரியர் தர நியமம் நடைமுறைக்கு வந்தது. அதிலும் இதற்கென்று ஒரு தனித் தகைமை உண்டு. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2023-24 கல்வியாண்டிலிருந்து பூர்வகுடி சார்ந்த 4 அலகுகள் இல்லாமல் 12ஆம் வகுப்பை முடிக்க முடியாது. 2023இல் ரொறன்ரோ மாவட்டக் கல்விச் சபை, 11ஆம் வகுப்பின் கட்டாய ஆங்கிலப் பாடத்தை முதற்குடி, மேட்டிஸ், இனுவிட் படைப்புகளை மையமாகக் கொண்ட பாடமாக மாற்றத் தீர்மானித்தது. தாம் மாணவராக இருந்தபோது இதில் ஒரு வரிகூடப் படித்திராத ஆசிரியர்கள் இப்போது இதைப் படிப்பிக்க வேண்டியிருக்கிறது.

ஒருநாள் பட்டறை

கல்விச் சபைகள் முதலில் கைவைப்பது இதில்தான். ஆசிரியர் மேம்பாட்டு நாள் ஒன்றை ஒதுக்கினால் போதும், நூறு பேரை ஒரே மண்டபத்தில் இருத்திவிடலாம். அதிகம் நடப்பது 1997இல், இன்று கைரோஸ் எனப்படும் கனடிய தேவாலயக் கூட்டமைப்பின் முன்னோடி அமைப்பும் பூர்வகுடி மூத்தோரும் கல்வியாளர்களும் சேர்ந்து உருவாக்கிய போர்வைப் பயிற்சி. தரையில் போர்வைகளை விரித்து, அவற்றை நிலமாகப் பாவித்து, பங்கேற்பவர்கள் அதன்மேல் நடமாடுவார்கள். கதைசொல்லி வரலாற்றை வாசிக்க வாசிக்கப் போர்வைகள் மடிக்கப்படும், சிலர் விலக்கப்படுவார்கள், கடைசியில் மடித்த துண்டுகளில் ஓரிருவர் ஒற்றைக்காலில் நிற்பார்கள். புத்தகத்தில் வாசித்து வராத ஒன்று அந்த நிமிடத்தில் உடம்புக்குப் புரியும். அதை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை.

கெட்டுப்போவது பெரும்பாலும் கடைசி ஒரு மணி நேரத்தில். பயிற்சி முடிந்ததும் எல்லோரும் வட்டமாக இருந்து, மனதில் எழுந்ததை ஒருவர் பின் ஒருவராகப் பேச வேண்டும். காலை 9க்குத் தொடங்கி 11:30க்குத் தேநீர் என்று நிகழ்ச்சி நிரல் போட்டிருந்தால் முதலில் வெட்டுப்படுவது இந்த வட்டம்தான். கலங்கிய மனத்தோடு ஆட்களை அப்படியே வாசலுக்கு அனுப்பிவிடுகிறோம். அந்த மண்டபத்தில் பூர்வகுடி ஆசிரியர் ஒருவரோ இருவரோ இருந்தால், தங்கள் பாட்டியின் வாழ்க்கை மற்றவர்களுக்குப் பாடமாவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டிவருகிறது. ஆகவே மூன்று ஏற்பாடுகள் இல்லாமல் நடத்தக்கூடாது: பயிற்சி பெற்ற நடத்துநர்கள் (அவர்களில் ஒருவராவது பூர்வகுடியினர்), 30 பேருக்கு மேற்படாத குழு, வட்டத்துக்கு மட்டும் முழுதாக ஒரு மணி நேரம். பூர்வகுடி ஊழியர்களிடம் தனியாக முன்கூட்டியே கேட்டு, விரும்பினால் வராமலிருக்கலாம் என்றும் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் அளவுகோலில் பட்டறைக்கு மதிப்பெண் குறைவு. நடத்தியவர் மாலையில் போய்விடுவார். திங்கட்கிழமை வகுப்பில் ஆசிரியர் தடுமாறும்போது அவர் இல்லை. கண்ணீரோடு வெளியே வரும் ஆசிரியர் தமக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று எண்ணுவதும் உண்டு. ஒன்றும் தெரியாத ஆசிரியராவது கேட்டுத் தெரிந்துகொள்வார்.

இணையவழிப் பாடம்

ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தின் பூர்வகுடிக் கற்கைகள் பீடம் 2017இல் தொடங்கிய 12 பாடங்கள் கொண்ட இலவச இணையப் பாடநெறி இதில் பேர்போனது. விலங்கு உரோம வணிகம், உடன்படிக்கைகள், 1876ஆம் ஆண்டின் இந்தியர் சட்டம், வதிவிடப் பாடசாலைகள், இன்றைய அரசியல், கலை என்று பரந்து போகிறது. அடித்தள வரலாற்றுக்கு இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது. ஆனால் அது ஆசிரியரின் பாடத்திட்டத்தைப் பார்க்காது, அவர் பாடசாலை நிற்கும் மண்ணைப் பற்றிப் பேசாது. வேறொன்றுக்கு முன்னேற்பாடாக மட்டும் பயன்படுத்துங்கள். முடித்ததற்கான சான்றிதழை நியமத்தை நிறைவேற்றியதற்கு ஆதாரமாக ஏற்கும் நிர்வாகங்கள் இருக்கின்றன, அது சரியில்லை.

கட்டாயப் பாடம்

பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகம் 2012 முதல் ஆசிரியப் பட்டப்படிப்பில் பூர்வகுடிக் கல்வியைக் கட்டாயப் பாடமாக வைத்திருக்கிறது. 2016இல் லேக்ஹெட், வின்னிபெக் பல்கலைக்கழகங்கள் எல்லாப் பட்ட மாணவர்களுக்கும் பூர்வகுடி உள்ளடக்கம் கொண்ட பாடத்தைக் கட்டாயமாக்கின. வழக்கமான வடிவம் ஒரு தவணைப் பாடம்: வாரம் 3 மணி, 12 வாரம், மொத்தம் 36 மணி.

இந்த 36 மணியைப் பங்கிடும் விதத்தில்தான் நன்மையும் தீமையும். பலர் செய்வது, 12 வாரத்தில் 9 வாரத்தை வதிவிடப் பாடசாலைகளுக்கும் வன்முறைக்கும் கொடுத்துவிடுவது. 150,000க்கு மேற்பட்ட பிள்ளைகள் அந்தப் பாடசாலைகளுக்குள் போனார்கள், கடைசிப் பாடசாலைகள் 1990களின் பிற்பாதியில்தான் மூடப்பட்டன. எந்த ஆசிரியரும் அதைத் தெரியாமல் வகுப்புக்குள் போகக்கூடாது. ஆனால் அது மட்டுமே தெரிந்த ஆசிரியர், பூர்வகுடி மாணவரைப் பார்க்கும்போதெல்லாம் காயத்தை மட்டும் பார்ப்பார். அந்த மாணவரின் மாமா ஒரு சட்டத்தரணி, அக்கா ஒரு மொழி ஆசிரியை என்பதெல்லாம் கண்ணில் படாது.

நாங்கள் பரிந்துரைப்பது நாலு, நாலு, நாலு. முதல் நாலு வாரம் வரலாறும் சட்டமும். அடுத்த நாலு வாரம், கல்லூரி நிற்கும் மண்ணுக்குரிய சமூகம்: மொழி, ஆட்சிமுறை, பாடசாலை, இன்று நடக்கும் வழக்குகள், அவர்கள் நடத்தும் நிறுவனங்கள். கடைசி நாலு வாரம் மாணவ ஆசிரியர் தம் சொந்தப் பாடத்திட்டம் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்துத் திருத்துவது. அட்டைக் குழாய்க் கம்பம் இந்த மேசைக்கு வர வேண்டும். அது வந்தால், ஒரு கம்பத்தின் படத்தைப் போட்டு, அது எந்தச் சமூகத்தின் எந்தக் குடும்பத்துக்குரியது, செதுக்கியவர் யார், இப்போது எங்கே நிற்கிறது, தடைக்காலத்தில் என்ன நடந்தது என்று மாணவர்களைத் தேடவைக்கும் பாடமாக அது மாறும். பசையும் கத்தரிக்கோலும் தேவையில்லை.

இந்தப் பாடத்தில் எதிர்ப்பு வரும், அதற்கு ஆயத்தமாக இருங்கள். ‘என் பாட்டன் செய்ததற்கு நான் ஏன்?’ என்பது ஒரு வகை. லெனாப்பே, பொட்டவாட்டமி வழிவந்த கல்வியாளர் சூசன் டியன் இன்னொரு வகையைச் சுட்டிக்காட்டினார்: ‘எனக்கு இவர்களைப் பற்றி ஒன்றுமே தெரியாது, நான் முழு அந்நியன்’ என்று ஒதுங்கிக்கொள்வது. பணிவுபோலத் தெரியும், ஆனால் பொறுப்பிலிருந்து நழுவும் வழி. ஒதுங்குகிறவருக்கும் ஏற்கெனவே படமும் பாட்டும் பாடநூலும் கொடுத்த ஒரு ‘இந்தியர்’ தலைக்குள் இருக்கிறார். அதை வெளியே எடுத்துப் பார்ப்பதே முதல் வாரத்து வேலை.

இந்த எதிர்ப்பின் சுமை முழுவதும் விரிவுரையாளர் தலையில் விழுகிறது. அவர் பெரும்பாலும் ஒப்பந்த வேலையில் இருக்கும் பூர்வகுடிப் பெண். தவணை முடிவில் மாணவர் கொடுக்கும் மதிப்பீட்டை வைத்து அவர் வேலை நீடிக்குமா என்று தீர்மானிக்கிறார்கள். சங்கடப்படுத்துவதே ஒரு பாடத்தின் வேலையாக இருக்க, சங்கடப்பட்டவர்களின் புள்ளியால் அவரை அளப்பது அநியாயம். இந்தப் பாடத்துக்கு இருவரை நியமியுங்கள், நிரந்தர வேலையில் ஒருவராவது இருக்கட்டும். மதிப்பீட்டை ஓராண்டு கழித்து, அவர்கள் வகுப்பறைக்குப் போன பின்பும் ஒருமுறை எடுங்கள். 25 பேருக்கு மேல் ஒரு வகுப்பில் சேர்க்காதீர்கள்.

எல்லாப் பாடங்களிலும் கலப்பது

கேட்பதற்கு இதுவே மிக நல்ல வழி. தனிப்பாடம் பூர்வகுடி அறிவை ஓர் ஓரத்தில் ஒதுக்குகிறது, எல்லாவற்றிலும் ஊடுபாவாக வர வேண்டும் என்பார்கள். கொள்கையளவில் சரிதான். நடைமுறையில், எல்லோருக்கும் பொறுப்பென்று விட்டது ஒருவருக்கும் பொறுப்பில்லாமல் போகிறது. கணிதம் கற்பிக்கும் விரிவுரையாளர், விஞ்ஞானம் கற்பிக்கும் விரிவுரையாளர் ஆகியோருக்கே ஆயத்தம் இல்லை என்பதுதான் பிரச்சினையின் வேர்.

கணிதத்திலிருந்து ஒரு உதாரணத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ‘ஒரு டீப்பியின் உயரம் 4 மீற்றர், அடியின் ஆரை 2 மீற்றர், கனவளவு காண்க.’ கூம்பு என்ற சொல்லை எடுத்துவிட்டு டீப்பி (சமவெளி மக்களின் கூம்புக் கூடாரம்) என்று போட்டாயிற்று, அவ்வளவுதான். இதில் சமவெளி மக்களின் அறிவு ஒரு துளியும் இல்லை. உண்மையான டீப்பி நேர்க்கூம்பே அல்ல. காற்று அடிக்கும் பக்கம் முதுகு செங்குத்தாகவும், வாசல் பக்கம் சரிவாகவும் இருக்கும்படி சாய்த்துக் கட்டுவார்கள். புகை போகும் வாயும் அதற்கேற்ப முன்னுக்குத் தள்ளி அமைகிறது. ஏன் அப்படி என்று கேட்டிருந்தால் நல்ல கணிதப் பாடமே பிறந்திருக்கும். சொல்லை மட்டும் மாற்றியதால் கணிதமும் பிழையானது, மரியாதையும் போனது.

இதற்கு நேரெதிர் லேக்ஹெட் பல்கலைக்கழகத்தின் ரூத் பீட்டி, ஒன்ராறியோவின் பிக்வாகனகன் அல்கொன்குவின் சமூகத்தாரோடு சேர்ந்து செய்த வேலை. தறியில் மணி கோக்கும் கலையைச் சமூகத்துக் கலைஞர்களே வகுப்புக்கு வந்து கற்பித்தார்கள், கணித ஆசிரியர்கள் பக்கத்தில் நின்றார்கள். தறியில் ஒரு நிரலுக்கு 9 மணி வேண்டுமென்றால் 10 இழை கட்ட வேண்டும். ஒரு கோலம் எத்தனை நிரலுக்கொருமுறை திரும்பி வருகிறது, கைப்பட்டையின் நீளத்துக்கு எத்தனை முறை வரும், நடுவில் சமச்சீர் எங்கே விழும் என்பதெல்லாம் பிள்ளைகள் மணியைக் கையில் வைத்துக்கொண்டு கண்டுபிடிக்கும் விதிகள். கலைஞர் அறையில் இருக்கிறார். பிழை நடந்தால் அங்கேயே திருத்துவார். எங்கள் அளவுகோலில் இது உச்சம். ஆனால் இப்படி ஒரு பாடத்தை ஆக்கப் பல மாதக் கூட்டுவேலை தேவை. ஒரே தவணையில் எட்டுப் பாடத்திலும் கலக்கச் சொன்னால் எட்டு டீப்பிகள்தான் கிடைக்கும்.

இன்னொரு எச்சரிக்கை. பிரிட்டிஷ் கொலம்பியாவின் முதற்குடிகள் கல்வி வழிநடத்துக் குழு வெளியிட்ட கற்றல் கோட்பாடுகளில் ஒன்று, சில அறிவு புனிதமானது, அனுமதியோடும் உரிய சூழலிலும் மட்டுமே பகிரப்படும் என்கிறது. எல்லாவற்றையும் பாடமாக்கலாம் என்ற எண்ணத்தோடு வளர்ந்த ஆசிரியருக்கு இது புதிது. சில கதைகள் பனிக்காலத்தில் மட்டும் சொல்லப்படும். அதை ஜூன் மாத அலகுக்கு ஒதுக்கிவிட்டுப் பிறகு கேட்டால் ‘இப்போது சொல்ல முடியாது’ என்றுதான் பதில் வரும்.

நிலத்தில் படிப்பது

சமூகத்தின் அழைப்பின்பேரில், அவர்கள் மண்ணில், அவர்களுடைய ஆசிரியர்களிடம் சில நாட்கள் படிப்பது. திருத்துகிறவர்கள் நாள் முழுதும் அருகில் இருக்கிறார்கள். அதுவும் விறகு பிளக்கும்போதும் பாத்திரம் கழுவும்போதும் இயல்பாகத் திருத்துகிறார்கள். ஆழத்தில் இதற்கு ஈடு வேறில்லை.

ஆனால் பல்கலைக்கழக நாட்காட்டியும் நிலத்தின் நாட்காட்டியும் ஒத்துப்போகாது. மேப்பிள் சாறு, பகலில் உறைநிலைக்கு மேலும் இரவில் உறைநிலைக்குக் கீழும் வெப்பம் இருக்கும் நாட்களில்தான் ஓடும். மார்ச்சா ஏப்ரலா என்பதை மரம் தீர்மானிக்கும். அனிஷினாபே மக்கள் மனோமின் என்று சொல்லும் காட்டரிசி ஆகஸ்ட் கடைசியிலும் செப்டெம்பரிலும் விளைகிறது; அப்போது பட்டப்படிப்பு தொடங்கியே இராது, அல்லது முதல் வாரத்தில் இருக்கும். பேருந்துக்காரருக்கு ஆறு மாதம் முன்னதாகத் திகதி கொடுக்கச் சொல்கிறது நிர்வாகம். வழி இதுதான்: திகதி வேண்டாம், மூன்று வார இடைவெளி ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று வாரத்தில் வேறு ஒப்படையோ பரீட்சையோ வைக்காதீர்கள். சமூகத்திலிருந்து அழைப்பு வந்த மூன்று நாளுக்குள் புறப்படக்கூடிய வாகன ஏற்பாடு இருக்கட்டும்.

12 முதல் 15 பேருக்கு மேல் கொண்டுபோகாதீர்கள். கற்பிப்பவருக்கு மட்டுமன்றிச் சமைப்பவருக்கும் படகோட்டிக்கும் விறகு தருபவருக்கும் ஊதியம் உண்டு என்று வரவுசெலவில் எழுதுங்கள். படம் எடுப்பதைப் பற்றி முதல் நாளே கேளுங்கள். ‘வேண்டாம்’ என்றால் கைபேசி பைக்குள். மூன்று நாட்கள் குறைந்தபட்சம். ஒரு நாள் போய்வந்தால் அது சுற்றுலா.

நூறு பேர் படிக்கும் கல்லூரிக்கு இதை எல்லோருக்கும் கட்டாயமாக்க முடியாது, ஆக்கவும் கூடாது. சிறிய சமூகமொன்றின் மீது ஆண்டுக்கு ஏழெட்டுக் குழுக்களை ஏற்றினால் அவர்களுடைய அறுவடையே கெட்டுப்போகும்.

மூத்தவரை வகுப்புக்கு அழைக்கும்போது

எந்த வழியைத் தெரிந்தாலும் இது வரும், இதில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். சமூகத்தின் கல்வி அலுவலகம் வழியாகக் குறைந்தது ஆறு வாரம் முன்னதாகக் கேளுங்கள். அந்த மூத்தவருக்கு எது முறை என்பதையும் அங்கேயே கேளுங்கள். அனிஷினாபே, கிரீ மக்களிடம் வேண்டுகோள் வைக்கும்போது புகையிலையைத் துணியில் முடிந்து கொடுப்பது வழக்கம். கேட்கும்போதே கொடுக்க வேண்டும். பேசி முடித்த பிறகு நன்றிக்குக் கொடுக்கும் பொருள் அல்ல அது. வாங்கிக்கொண்டால் சம்மதம். இனுவிட் மக்களுக்கு அந்த வழக்கமே இல்லை. அவர்களிடம் புகையிலை நீட்டினால் எல்லோரையும் ஒன்றாக எண்ணியது வெளிச்சமாகும்.

சன்மானத்தை அன்றே கையில் கொடுங்கள். படிவம் நிரப்பி, சமூகக் காப்புறுதி இலக்கம் கேட்டு, இரண்டு மாதம் கழித்துக் காசோலை அனுப்பும் நிதிப்பிரிவை ஒரு மாதம் முன்னரே போய்ப் பார்க்க வேண்டும். இது ஒருங்கிணைப்பவரின் வேலை, மூத்தவரின் தலையிடி அல்ல. போக்குவரத்து, வாசலில் நின்று வரவேற்க ஓர் ஆள், கதிரை, சூடான தேநீர். மூலிகைப் புகையூட்டல் நடக்குமென்றால் கட்டடப் பொறுப்பாளருக்கு முன்கூட்டியே சொல்லி, அந்த அறையின் புகை உணரிக்கு ஏற்பாடு செய்யுங்கள்; புனிதமான நேரத்தில் தீ எச்சரிக்கை மணி அடித்து முழுப் பாடசாலையும் வெளியே ஓடுவதை ஒருவரும் விரும்பார். பேச்சை 40 நிமிடத்துக்குள் முடிக்கச் சொல்லாதீர்கள். ஆசிரியர் வகுப்பில் இருந்து கேட்க வேண்டும். பின்வரிசையில் இருந்து கொப்பி திருத்தக்கூடாது.

வதிவிடப் பாடசாலை பற்றிய பாடத்தில் பிள்ளைகளை நடிக்க வைக்கவே கூடாது. அந்த வகுப்பிலேயே உயிர்தப்பியவர் ஒருவரின் பேரப்பிள்ளை இருக்கலாம், ஆசிரியருக்கு அது தெரியாமலும் இருக்கலாம். வீட்டுக்கு ஒரு வாரம் முன்னரே கடிதம் அனுப்புங்கள். சின்ன வகுப்புகளுக்கு, 1973இல் ஆறு வயது ஃபிலிஸ் வெப்ஸ்டாட்டிடமிருந்து முதல் நாளே பறிக்கப்பட்ட செம்மஞ்சள் சட்டையின் கதை போதும். பாட்டி வாங்கிக்கொடுத்த சட்டையைப் பறித்தால் எப்படியிருக்கும் என்பது அந்த வயதுக்கு நன்றாகவே விளங்கும்.

நம்மவருக்கு ஒரு சொல்

ஒன்ராறியோவில் தமிழ் ஆசிரியர்கள் பலர் இருக்கிறார்கள். ‘நாங்களே நிலம் இழந்து வந்தவர்கள், இதில் எங்களுக்கு என்ன பங்கு?’ என்ற கேள்வி நியாயமான வேதனையிலிருந்து வருகிறது. நூலகம் எரிந்ததை அறிந்தவருக்கு மொழி பறிபோவதன் பொருள் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அந்த உணர்வு உள்ளே நுழைய நல்ல வாசல். ஆனால் வகுப்பில் பத்தாவது நிமிடத்திலேயே பேச்சு நம் கதைக்குத் திரும்பிவிட்டால் அவர்களுடைய கதை மறுபடி மறைக்கப்படுகிறது. நாம் வீடு வாங்கிய நிலத்துக்கும் ஓர் உடன்படிக்கை இருக்கிறது. ரொறன்ரோவின் பெரும்பகுதி, கிரெடிட் மிசிசாகா மக்களோடு 1805இல் செய்யப்பட்ட 13ஆம் இலக்க உடன்படிக்கைக்குள் வருகிறது. ஸ்காபரோப் பக்கம் 1923ஆம் ஆண்டின் வில்லியம்ஸ் உடன்படிக்கைகளைப் பேச வேண்டும். அந்த உடன்படிக்கைகளில் தங்களுக்கு இழைக்கப்பட்ட அநீதிக்கு ஏழு முதற்குடிகள் வழக்காடி, 2018இல் 1.11 பில்லியன் டொலர் தீர்வும் அரசின் மன்னிப்பும் பெற்றார்கள். காலையில் ஒலிபெருக்கியில் வாசிக்கும், இந்த நிலம் யாருடையது என்று சொல்லும் நில அங்கீகாரத்துக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது. பிள்ளைகள் அதை மனப்பாடமாகச் சொல்கிறார்கள். ஆசிரியருக்கு இது தெரிந்திருந்தால் ஒரு கேள்விக்காவது பதில் சொல்லலாம்.

எதைத் தெரிவது

200 ஆசிரியர்களும் ஆண்டுக்கு இரண்டு மேம்பாட்டு நாட்களும் உள்ள கல்விச் சபைக்கு: பட்டறைக்குப் போகும் பணத்தில் பெரும்பங்கை எடுத்து, சமூகம் பரிந்துரைக்கும் ஒருவரைப் பகுதிநேரமாகவேனும் பாடத்திட்ட ஆலோசகராக நியமியுங்கள். இணையப் பாடத்தைக் கோடையில் முடிக்கச் சொல்லுங்கள். இரண்டு நாட்களையும் ஆசிரியர்கள் தங்கள் பாடத்திட்டத்தை அவரிடம் காட்டித் திருத்தப் பயன்படுத்துங்கள். போர்வைப் பயிற்சி வேண்டுமென்றால் அதற்குப் பிறகு.

ஒன்ராறியோவில் 2015 முதல் ஆசிரியப் பட்டப்படிப்பு நாலு தவணை. கல்லூரிகளுக்கு எங்கள் பரிந்துரை: முதல் தவணையில் 36 மணிக் கட்டாயப் பாடம். இரண்டாவதில் இரண்டே இரண்டு பாடங்களில் மட்டும் கலப்பு, கூட்டாகத் திட்டமிடும் சமூக உறுப்பினருக்கு ஊதியத்தோடு; மற்றப் பாடங்கள் அடுத்த ஆண்டுகளில் ஒவ்வொன்றாக. மூன்றாவதில் விரும்புகிறவர்களுக்கு நிலத்தில் மூன்று நாள். நாலாவதில், கற்பித்தல் பயிற்சியின்போது ஒவ்வொருவரும் ஓர் அலகைச் சமூகத்துக் கல்வியாளரிடம் கொடுத்துத் திருத்தம் வாங்க வேண்டும். 100 மாணவர், ஆளுக்கு ஒரு மணி என்றால் 100 மணி. ஒருவரின் ஏறத்தாழ மூன்று வார முழுநேர வேலை. அதற்குச் சம்பளம் ஒதுக்காமல் ‘கலந்தாலோசிப்போம்’ என்று எழுதுவது இலவசமாக உழைக்கச் சொல்வதுதான்.

பணம் ஒரு வழிக்குத்தான் உண்டு என்றால் கட்டாயப் பாடத்தைத் தெரியுங்கள், ஆனால் அதன் பாடத்திட்டத்தை ஆண்டுக்கொருமுறை மாற்றும் உரிமையைச் சமூகத்துக்கு எழுத்தில் கொடுத்த பிறகு.

இவற்றோடு போட்டியிடக்கூடாத ஒரு செலவும் இருக்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் 1974இல் தொடங்கிய பூர்வகுடி ஆசிரியர் கல்வித் திட்டமும், சஸ்காச்சுவானில் மேட்டிஸ் ஆசிரியர்களுக்காக 1980 முதல் நடக்கும் திட்டமும் பூர்வகுடிகளையே ஆசிரியர்களாக உருவாக்குகின்றன. மற்றவர்களைப் பயிற்றுவிக்கப் பணம் வேண்டுமென்று இவற்றின் இடங்களைக் குறைக்கும் யோசனை எந்தக் கூட்டத்தில் வந்தாலும் எதிர்த்து நில்லுங்கள்.

வேலையைத் தொடங்குவது ஒரு கடிதத்தில். ‘எங்கள் பாடத்திட்டத்தைப் பார்த்துத் தருவீர்களா’ என்று எழுதாமல், உங்கள் பிள்ளைகளைக் கற்பிக்கப்போகும் ஆசிரியர்களிடம் நீங்கள் எதிர்பார்ப்பது என்ன என்று கேட்டு எழுதுங்கள், ஊதியம் உண்டு என்பதையும் அதிலேயே சொல்லுங்கள். பதில் வரப் பல வாரங்கள் ஆகலாம். சிறிய சமூகத்தின் கல்வி அலுவலகத்தில் இருவர் மூவர்தான் இருப்பார்கள், இப்படியான கடிதங்கள் அவர்களுக்குக் குவிகின்றன. மௌனத்தைச் சம்மதமாக எடுக்காதீர்கள். காத்திருக்கும் காலத்தில் முதல் நாலு வாரத்து வரலாற்றையும் சட்டத்தையும் ஆயத்தம் செய்யலாம். அடுத்த நாலு வாரத்தை அவர்களின் பதில் வரும்வரை வெறுமையாக விட்டுவையுங்கள்.